உவர்நிலத்திற்கு உரம் பெற்ற விதை

திருவள்ளுவர் 'கல்லாமை' அதிகாரத்தில் கல்லாதவரைக் களர்நிலத்திற்கு ஒப்பிடுகின்றார். வேளாண்மையில் வேரூன்றிய சமுதாயத்திற்கு இதனினும் சுடும் உவமை வேறில்லை. எனினும், பயனற்றதெனப் பழித்துரைக்கப்பட்ட அந்நிலத்தையும் பயன்கொள்ளும் வழிகளை இன்றைய வேளாண் அறிவியல் கண்டுள்ளது. அவற்றுள் எளியதும் செலவு குறைந்ததுமான ஒன்றை ஈண்டுக் காண்போம்.

செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டம் உப்போடு நெடுங்கால உறவுடையது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் எனப்படுகிறார். இடைக்கழிநாடு என்னும் பெயரில் ஒரு பேரூராட்சி இன்றும் இவ்வட்டத்தில் உள்ளது. 'கழி' என்பது கடல்நீர் உட்புகுந்து தேங்கும் நீர்ப்பரப்பு. அந்நீரே உப்பளங்களுக்கு வாழ்வு. வயலுக்கோ அதுவே சோதனை. மழை பொய்த்த ஆண்டில் கடலோரக் கிணறுகள் கரிக்கத் தொடங்குகின்றன. இப்பகுதியிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவரின் தந்தையார், ஒரே பருவத்தில் இருமுறை விதைத்தும் நாற்று கருகியதைக் கூறி, "நிலத்தை விற்றுவிடலாமா?" என்று எம்மிடம் வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

உவரும் களரும்

பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறோம். கரையும் உப்புகள் மிகுந்தது உவர்நிலம். அதன் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேற்படும். மண்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை 8.5-க்கு மேல் உயர்ந்து, நீர் இறங்காமல் இறுகுவது களர்நிலம். முன்னதற்கு நன்னீர் தேக்கி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். பின்னதற்கு ஜிப்சம் இட்டுப் பின் வடிக்க வேண்டும். எனவே மண் பரிசோதனையே முதற்படி.

உப்பு பயிரை இருவகையில் வருத்துகிறது. மண்ணில் ஈரமிருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாமல் தடுக்கிறது. ஆதலின் உப்பும் ஒருவகை வறட்சியே. அடுத்து, சோடியம் செடிக்குள் புகுந்து, பொட்டாசியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டு இலைகளைக் கருக்குகிறது. நெல் முளைக்கும்போது ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும்; இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் தளர்ந்துவிடும்.

விதையை உரப்படுத்தல்

விதையைத் தக்க கரைசலில் ஊறவைத்து, முளை வெளிப்படுமுன் எடுத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைப்பதே 'விதை கடினப்படுத்துதல்'. ஊறும்போது விதையினுள் நொதிகள் விழித்தெழுகின்றன. முளைப்பதற்கான முன்னேற்பாடுகள் தொடங்குகின்றன. உலர்த்தினால் அப்பணி இடையில் நிற்குமேயன்றி முற்றும் அழிவதில்லை. மீண்டும் ஈரம் கண்டதும் அவ்விதை விரைந்தும் சீராகவும் முளைக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைடெக்கர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு ஊக்கமளித்தது. பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் உப்புகளேயன்றி, சாலிசிலிக் அமிலம் போன்றவற்றையும் மிகக் குறைந்த அளவில் பயன்படுத்தி ஆய்ந்துள்ளனர். சிறு இடரை முன்னரே உணர்ந்த பயிர், பேரிடர் வரும்போது தற்காப்புப் பொருள்களை விரைந்து உருவாக்குகிறது என்பது அறிஞர் கருத்து.

நேரடி நெல் விதைப்பிற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் முறை எளியது. லிட்டருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து (அதாவது 1 விழுக்காடு), ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் என்னும் அளவில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். நிலக்கடலைக்குக் கால்சியம் குளோரைடு அரை விழுக்காட்டுக் கரைசல் ஏற்றது. இவை வறட்சியைக் கருதி வகுக்கப்பட்டவை எனினும், உப்பின் முதல் தாக்குதலும் வறட்சியை ஒத்ததே என்பதை நினைவிற் கொள்க. அளவு மிகுந்தால் மருந்தே நஞ்சாகும்.

இதற்கு முன்னோடியான வழக்கம் நம் உழவரிடம் உண்டு. கோழிமுட்டை மிதந்து, நாலணா அகலம் வெளியே தெரியுமளவு உப்பைக் கரைத்து, அந்நீரில் நெல்லை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய மணிகளை நன்கு கழுவி விதைப்பர். பயிரைக் கெடுக்கும் உப்பே இங்கு நல்விதையைத் தேர்ந்து தருகிறது!

எல்லையும் நம்பிக்கையும்

விதைநேர்த்தி மண்ணிலுள்ள உப்பை ஒரு கிராமும் குறைப்பதில்லை. வடிகால், தொழுவுரம், பசுந்தாள் உரம், வயது முதிர்ந்த நாற்று, ஏற்ற இரகம் ஆகியவற்றோடு சேர்ந்தே அது பயன் தரும். திருச்சி வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட டி.ஆர்.ஒய். நெல் இரகங்கள் இத்தகைய நிலங்களுக்கென்றே உருவானவை. கடல்நீர் தொடர்ந்து ஏறும் நிலத்தில் விதைநேர்த்தி ஒன்றே காப்பாற்றும் எனக் கூறுவது உழவரை ஏமாற்றுவதாகும்.

ஆகவே அத்தந்தையாருக்கு நாம் கூறியது இதுதான்: முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள், வயலின் ஒரு மூலையில் நேர்த்தி செய்த விதையையும் செய்யாத விதையையும் அருகருகே விதைத்துப் பாருங்கள், நிலத்தை விற்பது பற்றி அதன்பின் எண்ணலாம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் உழவர் இருப்பின், அம்மண்ணை ஒரு பையிலிட்டுப் பரிசோதனை நிலையத்திற்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு உங்களுடையது. முடிவு வந்ததும் அதனைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். கல்லாமையைக் களர் என்றார் வள்ளுவர்; கற்றவர் கைபட்டால் களரும் கழனியாகலாம்.