இன்டர்ரெயில்

இன்டர்ரெயில் என்பது ஐரோப்பாவில் வசிப்போர் ஒரே பயண அட்டையைக் கொண்டு அக்கண்டத்தின் பல நாடுகளில் தொடர்வண்டியில் செல்ல உதவும் திட்டம் ஆகும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே பயணச்சீட்டு வாங்காமல், ஒருமுறை பணம் செலுத்திவிட்டு, குறிப்பிட்ட நாட்களில் வேண்டிய அளவு பயணம் செய்யலாம் என்பதே இதன் அடிப்படை. 1972 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் இன்று 33 நாடுகள் அடங்குகின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கு இதே முறையில் வழங்கப்படும் அட்டை யூரெயில் எனப்படும். குறைந்த செலவில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க விரும்பும் மாணவர்களிடையே இவ்விரு அட்டைகளும் பெயர் பெற்றவை. எனினும் எல்லாப் பயணங்களுக்கும் இவை மலிவானவை அல்ல. பயணத்தின் தூரம், வழித்தடம், திட்டமிடும் காலம் ஆகியவற்றைப் பொறுத்தே இவற்றால் பணம் மிச்சமாகும்.

வரலாறு

பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுத் தொடர்வண்டி ஒன்றியம் 1922 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் பொன்விழாவை ஒட்டி, 1972 இல் 21 வயது வரையிலான இளைஞர்களுக்காக இன்டர்ரெயில் அட்டை அறிமுகம் செய்யப்பட்டது. அப்போது அது 21 நாடுகளில் ஒரு மாத காலத்துக்குச் செல்லுபடியாகும். பிரித்தானியாவில் அதன் விலை 27.50 பவுண்டு. அந்த ஓராண்டுக்கு மட்டும் என எண்ணப்பட்ட திட்டம், கிடைத்த வரவேற்பினால் தொடர்ந்து நடத்தப்பட்டது. வயது வரம்பு படிப்படியாக 26 ஆக உயர்த்தப்பட்டது. 1990களில் எல்லா வயதினருக்கும் அட்டை வழங்கப்படலாயிற்று.

1994 முதல் 2007 வரை நாடுகள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வசூலிக்கப்பட்டது. 2007 இல் இம்முறை நீக்கப்பட்டு, எல்லா நாடுகளுக்குமான அட்டை, ஒரு நாட்டுக்கான அட்டை என்ற இரு வகைகள் நடைமுறைக்கு வந்தன. யூரெயில் இதைவிடப் பழமையானது. அது 1959 இல் 13 நாடுகளுடன் தொடங்கியது. இன்று இரு அட்டைகளையும் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உள்ள நிறுவனம் ஒன்று நிருவகிக்கிறது.

2019 ஆகத்து மாதம் பிரித்தானியத் தொடர்வண்டி நிறுவனங்கள் இத்திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தன. மக்களிடையே எழுந்த எதிர்ப்பினால் ஓரிரு நாட்களிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. 2020 முதல் காகித அட்டைக்குப் பதிலாகக் கைபேசியில் இயங்கும் அட்டையும் வழங்கப்படுகிறது.

தகுதி

எந்த அட்டையை வாங்குவது என்பதைக் குடியுரிமை மட்டும் தீர்மானிப்பதில்லை, வசிப்பிடமும் கருதப்படுகிறது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா செல்பவர் யூரெயில் அட்டை வாங்க வேண்டும். செருமனியில் வசிப்பிட உரிமம் பெற்றுப் படிக்கும் இந்திய மாணவர் இன்டர்ரெயிலுக்கு உரியவர்.

இன்டர்ரெயில் பல நாட்டு அட்டையைப் பயன்படுத்துவோர், தாம் வசிக்கும் நாட்டுக்குள் விருப்பம்போல் பயணம் செய்ய இயலாது. நாட்டைவிட்டு வெளியேற ஒரு பயணமும், திரும்பி வர ஒரு பயணமும் மட்டுமே அனுமதிக்கப்படும். யூரெயிலுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது.

இரு அட்டைகளிலும் 12 முதல் 27 வயது வரையிலானோருக்கும், 60 வயதைக் கடந்தோருக்கும் சலுகை விலை உண்டு. 12 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் பெரியவர் ஒருவருடன் கட்டணமின்றிச் செல்லலாம். ஒரு பெரியவருக்கு இரு சிறுவர் என்பது வரம்பு.

பயண நாள்

பல நாட்டு அட்டையில் இரு வகைகள் உள்ளன. தொடர் அட்டையில் 15 நாட்கள், 22 நாட்கள் அல்லது ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை நாள்தோறும் பயணம் செய்யலாம். நெகிழ்வு அட்டையில், ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாட்கள், இரண்டு மாதங்களுக்குள் 10 அல்லது 15 நாட்கள் எனப் பயண நாட்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கும்.

ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு 00:00 முதல் 23:59 வரையிலான காலம் ஆகும். அந்நாளில் எத்தனை வண்டிகளில் வேண்டுமானாலும் ஏறலாம். இரவு வண்டியில் செல்பவர், நள்ளிரவுக்குப் பின் வேறு வண்டிக்கு மாறாத வரையில், புறப்படும் நாள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். இதனால் இரவுப் பயணத்தில் ஒரு பயண நாளும் ஓர் இரவுத் தங்குமிடச் செலவும் மிச்சமாகின்றன. ஆயினும் படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு.

வண்டியில் ஏறும் முன்பே பயண நாளையும் பயணத்தையும் அட்டையில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாமல் ஏறியவர் சீட்டின்றிப் பயணம் செய்தவராகக் கருதப்பட்டு அபராதம் செலுத்த நேரிடலாம்.

முன்பதிவுக் கட்டணம்

அட்டை வாங்கியதும் செலவு முடிந்துவிடும் என்பது புதிய பயணிகளின் பொதுவான தவறான எண்ணம். அட்டை பயணக் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்கிறது. இருக்கை முன்பதிவு அதில் அடங்காது. பிரான்சின் டிசிவி, இத்தாலி, எசுப்பானியா நாடுகளின் அதிவேக வண்டிகள், யூரோசுடார் ஆகியவற்றில் முன்பதிவு கட்டாயம். சில வண்டிகளில் அட்டைதாரர்களுக்கென ஒதுக்கப்படும் இருக்கைகளும் குறைவு. கோடைக்காலத்தில் அவை விரைவில் தீர்ந்துவிடும்.

மாறாக, செருமனி, ஆசுத்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்சியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பதிவின்றி ஏறலாம். ஆகவே ஒரே விலை கொடுத்து வாங்கிய அட்டை, வழித்தடத்தைப் பொறுத்து வேறுவேறு பயன் தரும்.

நகர சுரங்கத் தொடர்வண்டி, நகரப் பேருந்து ஆகியவற்றுக்கு அட்டை பொதுவாகச் செல்லாது. சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ் மலைத் தொடர்வண்டி போன்றவற்றில் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும்.

செலவுக் கணக்கு

அட்டை இலாபமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். அட்டையின் விலையுடன் முன்பதிவுக் கட்டணங்களைக் கூட்டிப் பயண நாட்களால் வகுத்தால், ஒரு நாளின் செலவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 7 பயண நாட்கள் கொண்ட அட்டையின் விலை 280 யூரோ எனவும், நாளொன்றுக்கு 10 யூரோ வீதம் முன்பதிவுக்கு 70 யூரோ எனவும் கொள்வோம். மொத்தம் 350 யூரோ. ஒரு நாளுக்கு 50 யூரோ. அந்நாளின் தனிப் பயணச்சீட்டு 50 யூரோவைவிட மிகுதியாக இருந்தால் அட்டை இலாபம். குறைவாக இருந்தால் நட்டம்.

இதன்படி, வியன்னாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செல்லக்கூடிய பிராத்திசுலாவாவுக்கு ஒரு பயண நாளைச் செலவிடுவது வீண். அத்தகைய குறும்பயணத்துக்குத் தனிச்சீட்டு வாங்கிக்கொண்டு, பயண நாட்களை நெடுந்தூரத்துக்கு ஒதுக்குவதே சிக்கனம்.

திட்டம் தொடங்கிய காலத்தில் தொடர்வண்டிக் கட்டணம் பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தே அமைந்தது. பிற்காலத்தில் பல நிறுவனங்கள், முன்கூட்டி வாங்குவோருக்குக் குறைந்த விலையும் கடைசி நேரத்தில் வாங்குவோருக்குக் கூடிய விலையும் வைக்கும் முறைக்கு மாறின. எனவே பயணத் தேதிகளைப் பல வாரங்களுக்கு முன்பே உறுதி செய்யக்கூடியவருக்குத் தனிச்சீட்டுகள் மலிவாக அமையலாம். தேதியையும் ஊரையும் வழியில் மாற்றிக்கொள்ள விரும்புபவருக்கே அட்டை பெரிதும் பயன்படுகிறது.

மாற்று வழிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் 1997 க்குள் முழுமையாகத் தளர்த்தப்பட்டதால், குறைகட்டண விமான நிறுவனங்கள் வளர்ந்தன. செருமனியில் தொடர்வண்டியைக் காக்கும் பொருட்டு நெடுந்தூரப் பேருந்துகளுக்கு இருந்த தடைகள் 2013 இல் நீங்கியபின் பேருந்துச் சேவைகள் பெருகின. விமானச் சீட்டின் விலையை ஒப்பிடும்போது பயணப்பெட்டிக் கட்டணத்தையும், நகருக்குச் செல்லும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பாரிசின் பெயரைத் தாங்கிய போவே விமான நிலையம் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

நாட்டு அளவிலான சீட்டுகளும் உள்ளன. செருமனியில் 2023 மே மாதம் மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான சீட்டு, அந்நாடு முழுவதும் நகரப் போக்குவரத்திலும் வட்டார வண்டிகளிலும் செல்லும். அதிவேக வண்டிகளில் செல்லாது. அதன் விலை 2025 இல் 58 யூரோவாக உயர்ந்தது. லக்சம்பர்க்கில் 2020 முதல் இரண்டாம் வகுப்புப் பொதுப் போக்குவரத்து இலவசம்.

நுழைவு அனுமதி

பயண அட்டை விசாவுக்கு மாற்று ஆகாது. திட்டத்தில் உள்ள 33 நாடுகளும் செங்கன் பகுதியைச் சேர்ந்தவை அல்ல. பிரித்தானியா, அயர்லாந்து, துருக்கி, செர்பியா ஆகியவை அதற்கு வெளியே உள்ளன. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் செங்கன் விசாவில் வந்தவர், அங்கேரியிலிருந்து செர்பியாவுக்குச் சென்றுவிட்டால் அதே விசாவில் மீண்டும் அங்கேரிக்குள் நுழைய முடியாது. திரும்பும் விமானம் செங்கன் பகுதியிலிருந்து புறப்படுவதாயின், பயணமே தடைப்படும். எனவே வழித்தடத்தை முடிவு செய்த பின்னரே அதற்கேற்ற விசாவுக்கு விண்ணப்பிப்பது முறையாகும்.

தாக்கம்

பெற்றோரின் துணையின்றி அயல்நாடுகளைக் காணும் முதல் வாய்ப்பை இவ்வட்டை பல ஐரோப்பிய இளைஞர்களுக்கு அளித்தது. இதனை அடியொற்றி, ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் டிசுகவர்-ஈயூ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 18 வயது நிறைந்தோரில் விண்ணப்பித்துத் தேர்வு பெறுபவர்களுக்கு அத்திட்டத்தின் கீழ் பயண அட்டை இலவசமாக வழங்கப்படுகிறது.