மிதிவண்டியில் ஒரு தொழில் வரலாறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆற்றங்கரைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் குளிக்கச் செல்கிறார்கள். அல்லது கும்பிடச் செல்கிறார்கள். தொழிற்சாலைக்குச் செல்பவர்களோ வேலைக்குச் செல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, ஆற்றங்கரை வழியாகவே தொழில்களின் வரலாற்றைப் பார்த்து வரலாம் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் ஜெர்மனியில் ரூர் ஆற்றுப் பகுதியில் மூடப்பட்ட சுரங்கங்களையும் இரும்பாலைகளையும் இணைத்து மிதிவண்டிப் பாதைகளே அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நமக்கு அத்தகைய பாதையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஓர் ஆறு நமக்கு இருக்கிறது. அதுதான் கொசஸ்தலையாறு.

ஏறத்தாழ 136 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாறு பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கத்தில் ஒரு பகுதி திருப்பப்பட்டு, எஞ்சியது எண்ணூரில் கடலில் கலக்கிறது. இதன் கரையைப் பார்க்க ஒரு மிதிவண்டியும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. சித்திரையில் சென்றால் மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் திருவள்ளூர் இரயில் நிலையத்திலிருந்து புறப்படலாம். அந்த இருப்புப் பாதையே ஒரு வரலாறுதான். 1856 ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கி இவ்வழியாகத்தான் சென்றது. அங்கிருந்து பூண்டிக்கு நிதானமாக மிதித்துச் செல்லலாம். பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகே அத்திரம்பாக்கம் செல்வது நல்லது. இல்லாவிட்டால் அங்கே கண்ணுக்குத் தெரிவது வெறும் கூழாங்கற்களும் முட்புதரும்தான்.

அத்திரம்பாக்கத்தை உலகுக்கு அறிவித்தவர்கள் இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் ஆவர். ஆண்டு 1863. அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்திருந்த ஃபூட், செப்டம்பரில் இங்கு வந்தபோது ஓடைக் கரையில் கைக்கோடரிகளைக் கண்டார். இவ்வகைக் கருவிகளைச் செய்த முறைக்குத் தொல்லியலார் பிற்காலத்தில் வைத்த பெயர் ‘மதராஸ் இண்டஸ்ட்ரி’. ஆம், இண்டஸ்ட்ரி என்ற அதே சொல்தான்! கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் இந்த ஓடைக்கரைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

இங்குள்ள கருவிகளின் வயதைக் கண்டுபிடித்த முறையை இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் சற்று விளக்க விரும்புகிறேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்சு கலந்த கல்லைத் தாக்கும்போது, அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு கதிரியக்க ஐசோடோப்புகள் மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் அதை எட்டுவதில்லை. புதிய வரவு நின்றுவிடுகிறது. இருக்கும் இருப்பு மட்டும் சிதைந்துகொண்டே போகிறது. அலுமினியம்-26இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள். பெரிலியம்-10இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு விரைவாகக் குறைவதால், இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் கிடைத்துவிடும். கடையில் சரக்கு வரவு நின்ற பிறகு மிச்சமிருக்கும் இருப்பை வைத்து, கடை மூடிய நாளைக் கணக்கிடுவது போன்றதே இது.

சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வுக் குழு இம்முறையில் கணக்கிட்டு 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு உலகையே வியக்க வைத்தது. இங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் சராசரி வயது 15 இலட்சம் ஆண்டுகள். எப்படிக் குறைத்தாலும் 10 இலட்சத்து 70 ஆயிரத்துக்குக் கீழே வராது. பின்னர் 2018ஆம் ஆண்டில் அதே குழுவினர், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்தோர் பெரிய கைக்கோடரிகளை விட்டுச் சிறிய சில்லுக் கருவிகளுக்கு மாறத் தொடங்கிவிட்டனர் என்பதையும் காட்டினர். தொழில் நுட்பம் மாறியிருக்கிறது!

என் தந்தையார் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கூலி வேலை செய்கிறார். கைக்கோடரியின் படம் ஒன்றை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத அடிச்சவனுக்குக் கை நல்லாப் பழகியிருக்குப்பா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்திருக்கான்” என்றார். பாடநூலில் ‘இருமுகக் கருவி’ என்று படித்தபோது எனக்குப் புரியாதது அப்போது புரிந்தது.

ஒரு வேண்டுகோள். அங்கே கிடக்கும் கல்லை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை இழந்த கருவி, தேதி கிழிந்த நாட்குறிப்பைப் போன்றது.

இரண்டாம் நாள் பயணம் தண்ணீரைப் பற்றியது. சென்னைப் பட்டணம் பல காலம் கிணறுகளை நம்பியே இருந்தது. ஏழுகிணறு என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. 1872இல்தான் ஃபிரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்ட ஆற்று நீர் சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகக் கால்வாயில் கீழ்ப்பாக்கம் சென்று சேர்ந்தது. பள்ளத்தை நோக்கி ஓடும் நீரின் இயல்பையே அத்திட்டம் நம்பியிருந்தது. தாமரைப்பாக்கத்தில் கரைமேல் நின்று பார்த்தால், மதகு வழியே திரும்பும் நீர் ஒரு பக்கமும், மழைக்காலத்தில் அணைக்கட்டின் மேல் வழிந்து கடலுக்குப் போகும் நீர் மறு பக்கமும் தெரியும். பட்டணத்தின் பங்கும் ஆற்றின் பங்கும் பிரியும் இடம் அதுவே. பூண்டி நீர்த்தேக்கம் பிற்காலத்தது. 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1944இல் முடிந்தது. அதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943இல் மறைந்துவிட்டார். நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாம் நாள் மீஞ்சூரிலிருந்து எண்ணூர் வரை. இங்கே மிதிவண்டி வேண்டாம் என்பேன். லாரிகளும் தூசியும் மிகுதி. மின்சார இரயிலில் இறங்கி இறங்கி நடப்பதே நலம்.

மீஞ்சூரில் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். அது கிணற்று நீரின் உப்பு. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நீர் எடுக்கப்பட்டு மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் சென்றது. கடலோர மணலுக்கடியில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1. இந்தச் சிறு வேற்றுமையால், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் தங்கும். இது கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி எனப்படும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு நீர் 40 அடி ஏறி வரும்! இறைப்பு ஊறலை மிஞ்சியதால், கடல் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூரின் பெயரால், காட்டுப்பள்ளிக் கடற்கரையில் 2010ஆம் ஆண்டு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. நன்னீரை எடுத்த இடத்துக்கு உப்பு நீர் வந்தது; இப்போது உப்பு நீரிலிருந்து நன்னீர் எடுக்கிறோம். இதைவிடச் சுருக்கமாக ஒரு தொழில் வரலாற்றைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

எண்ணூரை நெருங்கும்போது பக்கிங்காம் கால்வாய் வருகிறது. இதன் வடபகுதி 1806இல் காக்ரேன் என்ற வணிகர் தொடங்கியது. சென்னைக்கு உப்பும் விறகும் படகில் சென்ற வழி இதுவே. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டினார்கள். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காமின் பெயர் கிடைத்தது. வெட்டியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அத்திப்பட்டு புதுநகர் தாண்டி இரயில் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றின் முகத்துவாரப் பகுதி முழுவதும் தெரியும். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. வேறு மின் நிலையங்கள் வந்துவிட்டன. நிலக்கரிச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் மீனவர்கள் இன்னும் படகு செலுத்துகிறார்கள். இன்னும் இரண்டு நிலையம் சென்றால் விம்கோ நகர். தீப்பெட்டி செய்த ஆலை போய்விட்டது; அதன் பெயர் மட்டும் இரயில் நிலையத்துக்கு மிஞ்சியிருக்கிறது.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் வரை, ஊருக்கு ஒரு கிணற்றிலிருந்து ஒரு குப்பி நீர் கொண்டு வாருங்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் குரோமேட் நிறங்காட்டியுடன் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால், செங்கல் நிறம் தோன்றும் நிலையில் குளோரைடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே கிணறுகள், அதே மாதம். குப்பியின் மேல் கிணற்றின் பெயரோடு, நீர் இறைத்துக் கொடுத்தவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.