ஜவ்வாது மலைக்கு வரும் தர்மப் பணம்: யார் கொடுக்கிறாங்க? எங்கே போகுது? 3 வருஷம் கழிச்சு என்ன மிச்சம்?

ஜமுனாமரத்தூர்:

"இத்திட்டம் இன்னாரின் நிதி உதவியுடன் செயல்படுத்தப்படுகிறது" என்று எழுதிய போர்டு ஜவ்வாது மலை மக்களுக்குப் புதுசு இல்லை. பெயிண்ட் உதிர்ந்த பிறகும் போர்டு நிற்கும். போர்டில் எழுதின வேலை நிற்குதா என்பதுதான் கேள்வி.

தொண்டு நிறுவனம் என்றாலே 'வெளிநாட்டில் இருந்து கோடி கோடியா வருது' என்று ஒரு கோஷ்டி பேசும். 'அவங்க இல்லைன்னா மலை என்னாகும்' என்று இன்னொரு கோஷ்டி பேசும். ரெண்டு பேருமே கணக்கைப் பார்த்துப் பேசுவது இல்லை. அந்தப் பணம் யாருடையது, எந்த வழியாக மலை ஏறுது, ஏன் பாதியில் நின்னு போகுது என்று தெரிஞ்சுக்கிட்டால்தான் மலையில் இருக்கிறவங்க உரிமையோடு கேள்வி கேட்க முடியும்.

ஒரு மலை, 3 மாவட்டம்

ஜவ்வாது மலை ஒன்றுதான். ஆனால் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று 3 மாவட்டத்துக்குப் பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை கணக்கு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு எல்லாம் திருப்பத்தூர் கணக்கு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு வேலூர் கணக்கு. பக்கத்துப் பக்கத்துக் கிராமமாக இருந்தாலும் ஒரு ஊருக்கு வரும் திட்டம் அடுத்த ஊருக்கு வராது. கேட்டால் 'அது வேற மாவட்டம்' என்பார்கள்.

மலையில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். மழையை நம்பி சாமை போடுவார்கள். புளி, தேன், பலா, கடுக்காய் என்று காடும் கொஞ்சம் கொடுக்கும். அது வருஷம் முழுக்கக் காணாது. கேரளா, கர்நாடகா எஸ்டேட்டுகளுக்குக் கூலி வேலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. கூலி அதிகம் என்று ஆசை காட்டும் புரோக்கர்கள் பேச்சைக் கேட்டு ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ந்தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீசார் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் பலியானார்கள். செத்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள்.

மலையிலேயே ஒரு வருமானம் இருந்தால் அவன் ஏன் ஆந்திரா போகப் போகிறான்? தர்மப் பணம், மானியம், நிதி உதவி என்று எந்தப் பெயரில் வந்தாலும் அந்தப் பணம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

சாமையும் கனடா பணமும்

சாமை மணி சின்னது. உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டு இருக்கும். நெல் மில்லில் போட்டு அரைக்க முடியாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, திரும்பவும் குத்த வேண்டும். குத்துவது பெண்கள்தான். காட்டு வேலை முடிந்து வந்து இதையும் செய்து உலை வைக்க வேண்டும். ரேஷனில் அரிசி கிடைக்கும்போது இந்தப் பாடு எதுக்கு என்று பல வீடுகளில் சாமைச் சோறு குறைந்து போனது. விளைந்த சாமையை உமியோடு மூட்டை கட்டி அப்படியே வியாபாரிக்குப் போட்டுவிடுவது வழக்கமானது. உமி நீக்கி அரிசியாக்கி விற்கிற லாபம் கீழே சமவெளிக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் வெளி நிதி ஒன்று உள்ளே வந்தது. 2011 முதல் 2014 வரை தெற்காசியாவில் சிறுதானியங்களை மீட்க ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. கனடா அரசின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பணம் கொடுத்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையும், கனடாவின் மென்னோனைட் பல்கலைக்கழகமும் முன்னின்று நடத்தின. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கூட்டு. இந்தியா, நேபாளம், இலங்கை என்று பரவி நடந்த அந்தத் திட்டத்தின் களங்களில் ஒன்று ஜவ்வாது மலை. நல்ல விதை எது என்று பார்ப்பது, உமி நீக்கும் எந்திரத்தை கிராமத்துக்குத் தகுந்த மாதிரி சின்னதாக்குவது, சாமையில் பலகாரம் செய்து விற்பது என்று வேலை நடந்தது.

எந்திரம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். கிடையாது. மின்சாரம் மும்முனையா, ஒருமுனையா? கல் மாட்டினால் சலிப்பான் யார் வாங்குவது? பெல்ட் அறுந்தால் போளூர் போய் வாங்கி வரணும், சுமார் 40 கிலோ மீட்டர். பஸ் காசு யார் கொடுப்பது? எந்திரம் வாங்க நிதி கொடுக்கிறவர் உண்டு. பெல்ட் வாங்க நிதி கொடுக்கிறவர் கிடையாது. இலவசமாக வந்த எந்திரங்கள் பல ஊர்களில் பூட்டிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

அதனால் பணம் கொடுப்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது 'எந்திரத்தை யார் பார்த்துக்குவாங்க' என்றுதான். குழு இருக்கா, அரைக்கிற கூலி எவ்வளவு, அந்தக் கூலியில் ரிப்பேர் செலவுக்கு எடுத்து வைக்கிறாங்களா என்று பார்க்கிறார்கள். 1990-ல் மதுரை மாவட்டத்தில் ஆரம்பித்த களஞ்சியம் குழுக்கள் இதற்கு நல்ல உதாரணம். முதலில் பெண்கள் சொந்தமாகச் சேமிக்கணும், பிறகுதான் வெளிப்பணம் என்பது அதன் விதி. அந்த இயக்கத்தில் வளர்ந்த மதுரை சின்னப்பிள்ளைக்கு 2001-ல் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் காலைத் தொட்டு வணங்கியது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

'வாடி' என்றால் தோப்பு

மலைக்கு வருகிற இன்னொரு முக்கியமான நிதி நபார்டு வங்கியுடையது. 2003-04-ல் நபார்டு தன் லாபத்தில் இருந்து 50 கோடி ரூபாய் ஒதுக்கி பழங்குடியினர் மேம்பாட்டு நிதியை ஆரம்பித்தது. நேரடியாக மக்கள் கையில் பணம் தராது. ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அதன் மூலமாகச் செய்யும். இதற்கு 'வாடி' திட்டம் என்று பெயர். கேட்டவுடன் சிரிப்பு வரும், ஆனால் குஜராத்தியில் வாடி என்றால் சின்னத் தோப்பு. 1982-ல் குஜராத் மாநிலம் வான்ஸ்டாவில் பைஃப் என்ற தொண்டு நிறுவனம் செய்து காட்டிய முறை இது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வரை மா, முந்திரி மாதிரி பழ மரம். ஓரத்தில் வேலிக்கு மரம். நடுவில் வழக்கமான பயிர். கூடவே மண் வரப்பு, தண்ணீர் வசதி. குழி வெட்டுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்தக் குடும்பத்தின் உழைப்புப் பங்கு. ஒட்டு மா காய்ப்புக்கு வர 4, 5 வருஷம் ஆகும். அதனால்தான் இந்தத் திட்டத்துக்குப் பல வருஷம் அவகாசம் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். தோப்பு போட நிலம் வேணும். கையில் நிலம் இல்லாதவர் என்ன செய்வார்? அவருக்கு ஆடு, கோழி, சின்னக் கடை என்று வேறு உதவி செய்ய திட்டத்தில் இடம் இருக்கிறது. அது தெரியாமல் 'நமக்கு நிலம் இல்லையே' என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

கம்பெனி பணம் ஏன் மலை ஏற மாட்டேங்குது?

2014 ஏப்ரல் 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. நிகர சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது வருஷ வியாபாரம் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனி, முந்தைய 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூக வேலைக்குச் செலவு செய்தே ஆகணும். இதைத்தான் சி.எஸ்.ஆர். நிதி என்கிறார்கள். இது கம்பெனி இஷ்டப்பட்டுப் போடும் பிச்சை இல்லை, சட்டப்படியான கடமை.

ஆனால் அதே சட்டம், கம்பெனி இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்றும் சொல்கிறது. ஓசூரில் பேக்டரி இருந்தால் ஓசூரைச் சுற்றி, ஸ்ரீபெரும்புதூரில் இருந்தால் அங்கே சுற்றி. ஜவ்வாது மலையில் எந்த பேக்டரி இருக்கிறது? முன்னுரிமை என்பது கட்டாயம் இல்லை, தூரத்து ஊருக்கும் செலவு செய்யலாம். இருந்தாலும் கம்பெனி தானாக மலை ஏறி வராது, யாராவது போய்க் கேட்கணும்.

இன்னொரு முடிச்சும் இருக்கு. பல வருஷ வேலை என்று கம்பெனி எடுத்துக்கொண்டாலும், ஆரம்பித்த நிதியாண்டை விட்டுவிட்டு 3 வருஷத்துக்குள் முடிக்கணும் என்பது விதி. நட்ட மா காய்க்கிறதுக்குள் ப்ராஜெக்ட் முடிந்துவிடும். 'ஆரம்பிச்சாங்க, போயிட்டாங்க' என்று மலை மக்கள் அலுத்துக்கொள்வதற்குப் பின்னால் இந்த விதியும் ஒரு காரணம். எல்லாத்துக்கும் தொண்டு நிறுவனத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

சின்ன நிறுவனத்துக்கு விழுந்த அடி

வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய அரசின் எப்.சி.ஆர்.ஏ. பதிவு வேணும். 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2020 செப்டம்பரில் இந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் வந்து இறங்கணும். ஆபீஸ் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 20 ஆகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றும் வந்தது.

கடைசி விதிதான் பெரிய அடி. டெல்லி, சென்னையில் உள்ள பெரிய நிறுவனம் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதி நிதி வாங்கும். மலையில் பாஷை தெரிந்து, பாதை தெரிந்து வேலை செய்யும் சின்ன நிறுவனத்துக்கு அதில் ஒரு பங்கு கொடுக்கும். அந்த வழி அடைபட்டுப் போச்சு. தப்பு செய்கிறவனைப் பிடிக்கப் போட்ட வலையில் சின்ன மீன்களும் மாட்டிக்கொண்டன.

உள்ளூரில் கொடுக்க ஆள் இல்லையா? திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பவுர்ணமிக்குப் பவுர்ணமி அன்னதானம் நடக்குது. கொடுக்கிற மனசு இந்த மாவட்டத்தில் தாராளமாகவே இருக்கு. அதில் ஒரு துளி மலைப் பக்கம் திரும்பினால் போதும். 80-ஜி சான்று உள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால் வருமான வரியில் சலுகையும் பெற வழி இருக்கு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியே இப்படி ஒரு நன்கொடையில் ஆரம்பித்ததுதான். அமெரிக்க வங்கிக்காரர் ஒருவர் இறந்துபோன மனைவி ஞாபகமாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். ஐடா ஸ்கடர் அதை வைத்து 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி திறந்தார். கட்டிடத்துக்குப் பணம் ஒரே தடவையில் வந்துவிட்டது. நர்ஸ் சம்பளத்துக்கும் மருந்துக்கும் வருஷா வருஷம் அலைய வேண்டி இருந்தது. இன்றைக்கும் அதே கதைதான். கல்வெட்டில் பெயர் வரும் என்றால் கட்டிடம் கட்ட ஆள் கிடைக்கும். மலை கிராமத்துக்குப் போகும் மருத்துவ வண்டிக்கு டீசல் போட கல்வெட்டு கிடையாதே.

மக்கள் எங்கே கேட்கலாம்?

ஊருக்குள் ஒரு நிறுவனம் வந்தால் பணம் யாருடையது, மொத்தம் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று கிராம சபையில் வைத்தே கேட்கலாம். அந்த நிறுவனம் நிதி ஆயோக்கின் தர்பன் இணையதளத்தில் பதிவு செய்திருக்கா என்று செல்போனிலேயே பார்க்கலாம். கம்பெனி நிதி என்றால் எந்தக் கம்பெனி எவ்வளவு செலவு காட்டியிருக்கு என்பது மத்திய அரசின் சி.எஸ்.ஆர். இணையதளத்தில் இருக்கும். அரசுப் பணத்தை பெருமளவு நம்பி நடக்கும் தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 செப்டம்பர் 17-ந்தேதி தீர்ப்பு சொல்லியிருக்கு. மனு எழுத பெரிய படிப்பு தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும்.

டிரஸ்ட் என்றால் ஊர் மக்கள் அதில் பயனாளிகள் மட்டும்தான், கணக்கில் கையெழுத்து போடும் உரிமை கிடையாது. விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனம் அப்படி இல்லை. ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளுக்கு என்று அப்படி ஒரு நிறுவனம் சாமை, புளி, தேன் வியாபாரம் செய்துவருகிறது. இந்த மாதிரி நிறுவனத்தில் பங்கு வாங்கியவர் முதலாளி. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு கட்டாயம், ரெண்டு பொதுக்குழுவுக்கு நடுவில் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. 14 நாள் முன்னாடி எழுத்து மூலமாக நோட்டீஸ் வரணும், அதோடு வரவு செலவுக் கணக்கும் சேர்ந்து வரணும். பங்குப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறந்து போனவர்கள், கடைசியாக நோட்டீஸ் எப்போ வந்தது என்று ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது.