ஈ.சி.ஜி. நார்மல், ஆனால் ரயில் ஏற முடியவில்லை

எங்கள் தெருவில் ஒரு தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. திருமுல்லைவாயிலில் ஏறினால் அம்பத்தூர், அடுத்தது பட்டரவாக்கம், இறங்க வேண்டியதுதான். அந்த இரண்டு ஸ்டேஷன் தூரத்தைக் கடக்க முடியாமல் மாதக்கணக்காகத் தவிக்கிறார். வண்டி வந்து நிற்கும்போதே உள்ளங்கை நனைந்துவிடும், நெஞ்சை அடைக்கும், இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றும். மூன்று ரயிலை விட்டுவிட்டு வீடு திரும்புவார். இரண்டு முறை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈ.சி.ஜி. நார்மல். கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மனநல மருத்துவரைப் பார்த்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: பதற்றக் கோளாறு.

அவருடைய அம்மா என்னிடம் கேட்டார்: "கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு, இதுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் தருவாங்களாப்பா?"

தரலாம். ஆனால் நோயின் பெயரைச் சொன்னதும் கொடுத்துவிட மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அந்தச் சட்டம் எந்த மனநோய் என்று பட்டியல் போடவில்லை. சிந்தனையிலோ மனநிலையிலோ ஏற்பட்ட கடுமையான கோளாறு, அன்றாட வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளையே சமாளிக்க முடியாதபடி ஒருவரை முடக்குகிறதா என்றுதான் கேட்கிறது. இதற்கு முன்பு, மனநோயால் வரும் குறைபாட்டை அளக்க 2002இல் வந்த ஐடியாஸ் அளவுகோலின் கையேட்டில் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய், மறதி நோய் என்று நான்கு மட்டுமே இருந்தன. "ஆங்சைட்டிக்கெல்லாம் கிடையாது" என்று இன்றும் சிலர் சொல்வது அந்தப் பழைய நினைப்பில்தான்.

அளவுகோல் இன்னும் அந்த ஐடியாஸ்தான். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்குத் தனியாக 1 முதல் 4 வரை. மொத்தம் 20. குளிப்பது சாப்பிடுவதில் 1, பழகுவதில் 2, பேச்சில் 1, வேலையில் 3, நோய்க்காலத்துக்கு 2 என்று வந்தால் 9. அது 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த 40தான் வாசற்படி. உண்மையைச் சொல்வதானால், பதற்றக் கோளாறு உள்ள பலர் அந்தப் படியை ஏற மாட்டார்கள். சிகிச்சையில் தேறக்கூடிய நோய் இது. தேறுவது நல்ல செய்திதான்.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. பதற்றம் உள்ளவர்கள் மறைப்பதில் கெட்டிக்காரர்கள். இந்த மதிப்பெண்ணைப் போடும் மெடிக்கல் போர்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லாருக்கேன் சார்" என்பார்கள். ஐந்து நிமிடம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நடுக்கம். போர்டுக்கு அது எப்படித் தெரியும்? தெரியவைப்பது காகிதம்தான். ஓ.பி. சீட்டு, மாத்திரைச் சீட்டு, அவசரப் பிரிவுக்குப் போன தேதிகள், சம்பளம் பிடித்த ரசீது, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். கூட வாழ்கிறவர் ஒருவரை அழைத்துப் போங்கள், அவரிடமும் விசாரிப்பார்கள். மருத்துவப் பதிவேடு கையில் இல்லையா? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அதைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. சட்டம் அனுமதிக்கும் சில சூழல்கள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் அந்த விவரம் முதலாளிக்குப் போகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எங்கே போவது என்பதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. 2018 முதல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். பஸ்ஸில் பத்து நிமிஷ தூரம்தான், ஆனால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வேறு வேறு. முதலில் ஆதார் முகவரியைப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு: சிகிச்சை எடுக்கும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க விதி இடம் கொடுக்கிறது. ஆவடிக்காரர் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் பல ஆண்டாகப் பார்த்து வருகிறார் என்றால், அவருடைய நோட்டு இருக்கும் இடம் அதுதான். விண்ணப்பம் யூ.டி.ஐ.டி. இணையதளத்தில், கட்டணம் கிடையாது. "40 போட்டு வாங்கித் தர்றேன்" என்று வாசலில் நிற்கும் புரோக்கரை நம்பாதீர்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது விண்ணப்பித்தவர்தான்.

சான்று கிடைத்தால் என்ன வரும்? வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. வருமானமும் குடும்ப நிலையும் பார்த்துத்தான் தருவார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் இலவசப் பயணம். அரசு வேலையில் எல்லாக் குறைபாடுகளுக்கும் சேர்த்து 4 சதவீத ஒதுக்கீடு.

எஸ்டேட் தொழிலாளிக்கு நான் முதலில் சொல்வது இவை எதுவும் அல்ல, ஈ.எஸ்.ஐ. முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இதற்கு 40 சதவீதமும் வேண்டாம், போர்டும் வேண்டாம். பலர் இதைக் கேட்காமலேயே, வெட்கப்பட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

அரசு நிறுவனத்தில் இருப்பவர்களுக்குப் பிடிமானம் இன்னும் பலம். பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தது. அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த நடத்தைக்கு நோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அது ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் பதற்றத்தோடு ஷிஃப்டுக்குப் போகிறவர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. தனியார் பட்டறையில் இவ்வளவு பாதுகாப்பு இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

போர்டு சான்று தர மறுத்துவிட்டால், வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். சட்ட உதவிக்கு 15100. மாற்றுத்திறனாளிக்கும் மனநோய் உள்ளவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சடைத்து, பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ், 14416.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனால் மறுநாளிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதத் தொடங்கினார்: "இன்னிக்கு போகல." "குளிக்கல." "ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்தான்." கிளிப் போட்டு, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன வாரம் டாக்டரிடம் அந்தக் கட்டை நீட்டினாராம். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படித்தாராம்.