பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் என்ன அர்த்தம்? ஹனூர் காடு முதல் பெங்களூரு ஃப்ளாட் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

பச்சோந்தி என்றதும் நம்ம ஊரில் முதலில் நினைவுக்கு வருவது நிறம். அடுத்து, உடம்பைவிட நீளமாகப் பாயும் நாக்கு. ஆனால் அந்த நாக்கு எங்கே பாய வேண்டும், எவ்வளவு தூரம் பாய வேண்டும் என்று முடிவு செய்வது கண்தான். கண் கெட்டால் குறி தப்பும். குறி தப்பினால் சாப்பாடு இல்லை. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டால் தண்ணீர்த் துளியைக்கூடத் தேடிப் போகாது. அதனால் பச்சோந்திக்குக் கண் நோய் என்பது கண்ணோடு நிற்கும் பிரச்னை இல்லை. சில நாட்களிலேயே உயிர்ப் பிரச்னையாகிவிடும்.

பெங்களூரு, சென்னை, கோவை போன்ற நகரங்களில் நாய், பூனையைத் தாண்டி 'எக்ஸோடிக் பெட்' வளர்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். அதே நேரம், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர் பக்கம் வண்டியை நிறுத்தினால், சாலையோரப் புதரிலேயே பச்சோந்தி கண்ணில் படலாம். "அழகா இருக்கே, எடுத்துட்டுப் போய் வளர்க்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. கண் வைத்தியத்துக்குப் போகும் முன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

வளர்க்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்பவை. இந்தியாவில் இயற்கையாக இருப்பது ஒரே ஒரு இனம்தான்: கமீலியோ ஜெய்லானிகஸ் எனும் இந்தியப் பச்சோந்தி. இலங்கையிலும் இது உண்டு. கன்னடத்தில் இதன் பெயர் கோசும்பே. மைசூரு மாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில்தான் இப்போது ஹனூர் இருக்கிறது. காவிரி வனவிலங்கு சரணாலயமும், மலை மாதேஸ்வரா சரணாலயமும் சூழ்ந்த வறண்ட காடும் முட்புதரும் இந்த உயிரினத்துக்கு ஏற்ற இடம்.

இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பது, வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்ற சமாதானம் எடுபடாது.

பெட் மார்க்கெட்டில் பேசப்படும் ஏமன் நாட்டு வெயில்டு பச்சோந்தி, மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி போன்றவை வேறு. இவை சைட்ஸ் எனும் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தமும், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும், இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாங்கும்போதே ரசீது, இனப்பெருக்க விவரம், பதிவு ஆவணம் கேளுங்கள். "பேப்பர்லாம் எதுக்கு சார்?" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விலகிவிடுவது நல்லது.

இதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? நேரடி சம்பந்தம் இருக்கிறது. ஆவணம் இல்லாமல் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வாய்ப்பு அதிகம். யூடியூப் பார்த்து ஏதாவது சொட்டு விடுவார்கள். அந்தத் தாமதத்தின் விலையைக் கட்டுவது பச்சோந்தி.

அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது?

பச்சோந்தியின் மேல் இமையும் கீழ் இமையும் ஒன்றாகச் சேர்ந்து கூம்பு வடிவில் கண்ணை மூடியிருக்கும். நடுவில் கருவிழி தெரிய ஒரு சின்ன ஓட்டை மட்டும். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று முன்னால் பூச்சியைத் தேடும்போது இன்னொன்று பின்னால் பருந்து வருகிறதா என்று பார்க்கும். இரை கிடைத்ததும் இரண்டும் ஒரே புள்ளியில் குவியும்.

தூரத்தை அது கணிக்கும் விதமும் தனி ரகம். கேமரா லென்ஸ் ஃபோகஸ் செய்வதுபோல, பார்வையைக் குவிப்பதில் இருந்தே இரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்குப் போடும். 1977-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பச்சோந்தியின் கண் லென்ஸ், மற்ற முதுகெலும்பு விலங்குகளைப் போல ஒளியைக் குவிக்காமல் விரிக்கும் தன்மை கொண்டது என்று அதே இதழில் 1995-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. இவ்வளவு நுட்பமான கருவியில் கொஞ்சம் வீக்கமோ மங்கலோ வந்தாலும் வேட்டை தடுமாறும்.

எது நார்மல், எது ஆபத்து?

புதிதாக வளர்ப்பவர்கள் அடிக்கடி பயப்படும் ஒரு காட்சி உண்டு. பச்சோந்தி திடீரென்று கண்ணைப் பலூன்போல உப்பவைத்து, உருட்டி, கிளையில் தேய்க்கும். தூசி, உரியும் தோல் போன்றவற்றை வெளியே தள்ள அது செய்யும் சுத்தம் இது. சிறிது நேரத்தில் கண் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை வேண்டாம்.

இரவில் கண்ணை மூடித் தூங்குவதும் இயல்பு. ஆனால் பச்சோந்தி பகலில் இயங்கும் உயிரினம். விளக்கு எரியும்போது, வெளிச்சத்தில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதை 'தூக்கம்' என்று நினைக்காதீர்கள். உடம்பில் ஏதோ சரியில்லை என்பதற்கு அது காட்டும் மிகத் தெளிவான அடையாளம் அது. கீழ்க்கண்டவற்றையும் கவனியுங்கள்:

* ஒரு கண் மட்டும் மூடியிருப்பது: தூசி, காயம், சீழ் போன்ற அந்த இடத்துப் பிரச்னையாக இருக்கலாம்.
* இரண்டு கண்ணும் மூடியிருப்பது: சத்துக் குறைபாடு, விளக்குக் கோளாறு அல்லது உடல் முழுக்க உள்ள நோயைச் சந்தேகிக்கலாம்.
* கண் குழிவிழுந்திருப்பது: பெரும்பாலும் நீர்ச்சத்துக் குறைவு.
* கூம்பின் ஒரு பக்கம் வீங்கி, வீக்கம் குறையாமல் இருப்பது: உள்ளே சீழ்க்கட்டி இருக்கலாம்.
* நாக்கை நீட்டி இரையைத் தவறவிடுவது: பார்வை பாதித்திருக்கலாம்.

ஏன் வருகிறது? ஐந்து முக்கிய காரணங்கள்

1. வைட்டமின் ஏ குறைபாடு. கடையில் வாங்கும் சில்வண்டு, புழு மட்டுமே மாற்றி மாற்றிக் கொடுத்தால் இந்தச் சத்து போதாது. குறைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உள்பூச்சு தடித்து, நாளம் அடைத்து, இமை வீங்கும். அதன்மேல் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

2. தண்ணீர்ப் பற்றாக்குறை. பச்சோந்தி பொதுவாகக் கிண்ணத்தில் குடிக்காது. இலையில் நிற்கும் துளிகளைத்தான் நக்கும். ஏசி ஓடும் அறையில், நாளுக்கு ஒரு தடவை பேருக்குத் தெளித்தால் போதாது. ஈரம் இல்லாவிட்டால் கண்ணில் விழும் தூசியைக் கழுவவும் அதனால் முடியாது.

3. தவறான விளக்கு. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி3 உருவாக யூ.வி.பி. கதிர் தேவை. ஆனால் விளக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தாலும், தரமில்லாததாக இருந்தாலும் கண் வெந்துபோகும். வெல்டிங் செய்பவர்களுக்கு வருவதுபோல. ஆன்லைனில் 'யூ.வி. லேம்ப்' என்று தேடினால் கிருமி நீக்கப் பயன்படும் யூ.வி.சி. விளக்குகளும் வரும். அதை மாட்டினால் பச்சோந்திக்கு மட்டுமல்ல, உங்கள் கண்ணுக்கும் ஆபத்து. "ஜன்னல் வெயில் போதாதா?" என்றால், போதாது. சாதாரணக் கண்ணாடி யூ.வி.பி. கதிரைப் பெருமளவு தடுத்துவிடும்.

4. தூசி, காயம், உரியாத தோல். கூண்டில் போடும் மரத்தூள், முள், உயிருள்ள பூச்சியின் கால் எல்லாமே அந்தச் சின்ன ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளலாம். இரவில் கூண்டிலேயே மிஞ்சிவிடும் சில்வண்டுகள் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கவும் செய்யும்.

5. வாய், சுவாசத் தொற்று. கண்ணுக்கும் வாய்க்கும் இடையே கண்ணீர் நாளம் போகிறது. வாய்ப் புண்ணின் தொற்று கண்ணில் வீக்கமாகத் தெரியலாம். அதனால் கண்ணை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் நோய் திரும்பத் திரும்ப வரும்.

வீட்டில் உடனே என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான நீரை மெல்லிய பனிபோல, சில நிமிடங்கள் தொடர்ந்து தெளியுங்கள். நேராகக் கண்ணில் பீய்ச்ச வேண்டாம். மேலே இருந்து சாரலாக விழட்டும். பல நேரம் தூசி தானாக வெளியேறிவிடும். கிருமி நீக்கிய சாதாரண சலைன், அதாவது 0.9 சதவீத உப்புக் கரைசல், ஓரிரு துளி விடலாம்.

விளக்கு எத்தனை மாதப் பழசு, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கூண்டு வெப்பம் எவ்வளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன சத்து மாவு தூவுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். கண்ணைப் போனில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு இவை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஒரு முழுப் பகல் கண் மூடியே இருந்தால், அல்லது வீக்கம் மறுநாளும் இருந்தால், காத்திருக்க வேண்டாம். காற்றோட்டமான பெட்டியில் ஒரு கிளையை வைத்து, துணி போர்த்தி எடுத்துச் செல்லுங்கள்.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீர்கள்

நம்ம வீடுகளில் கண் வலி என்றால் தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய் என்று ஒரு பட்டியலே உண்டு. பச்சோந்திக்கு இவை எதுவும் வேண்டாம். உள்ளே தங்கி, கிருமி வளர இடம் கொடுக்கும்.

வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை ஆழமாக்கி, கண்ணையே பறித்துவிடலாம்.

வைட்டமின் ஏ குறைபாடு என்று நீங்களே முடிவு செய்து காப்ஸ்யூலை உடைத்து வாயில் ஊற்றாதீர்கள். இது கொழுப்பில் கரையும் சத்து. மிஞ்சியது சிறுநீரில் போகாது, ஈரலில் தங்கும். அளவு கூடினால் தோல் உரிந்து புண்ணாகும். நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு சொட்டு வித்தியாசம்கூடப் பெரியது. பஞ்சுக் குச்சியாலோ இடுக்கியாலோ இமையைத் திறக்க முயல்வதும் கூடாது.

மருத்துவர் என்ன செய்வார்?

ஊர்வனவற்றின் சீழ், நம்முடையதுபோல நீர்த்து ஓடாது. பாலாடைக்கட்டிபோலக் கெட்டியாக இருக்கும். சொட்டு மருந்து அதற்குள் புகாது. அதனால் மயக்க மருந்து கொடுத்து, நுண்ணிய கருவியால் எடுத்துக் கழுவ வேண்டியிருக்கும். கருவிழிப் புண்ணைக் கண்டுபிடிக்க ஃப்ளூரசீன் சாயம் விட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். வாயையும் திறந்து பார்ப்பார்கள். எடைக்கு ஏற்ப வைட்டமினும் ஆன்டிபயாடிக்கும் தருவார்கள். காப்பாற்றவே முடியாத நிலையில் ஒரு கண்ணை எடுப்பதும் உண்டு. ஒற்றைக் கண்ணோடும் பச்சோந்தி வேட்டையாடி, வாழ முடியும்.

எல்லா கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. "ஊர்வன பார்க்கும் டாக்டர் இருக்காங்களா, எந்த நாள் வருவாங்க?" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நோய் வருவதற்கு முன்பே அந்த எண்ணைப் போனில் சேமித்து வைத்திருப்பதுதான் உண்மையான முன்னெச்சரிக்கை.

ஹனூர் சாலையில் காயம்பட்ட பச்சோந்தியைப் பார்த்தால்?

மெதுவாக ஆடி ஆடிச் சாலையைக் கடக்கும் உயிர் இது. முட்டையிட மண் தேடி மரத்திலிருந்து இறங்கும் பெண் பச்சோந்திகள் வண்டிச் சக்கரத்தில் மாட்டுவதுண்டு. காயம் இல்லாவிட்டால் ஒரு குச்சியை முன்னால் நீட்டுங்கள், அதுவே ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே புதரில் விட்டுவிடுங்கள். "விஷம்" என்று சொல்லிக் கல்லெறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பச்சோந்திக்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது.

கண்ணோ உடம்போ அடிபட்டிருந்தால் நிழலில், துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, அருகிலுள்ள வன அலுவலகத்துக்கோ கர்நாடக வனத்துறையின் 1926 என்ற உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். மீண்டும் காட்டில் விடலாமா என்பதை மருத்துவரும் வனத்துறையும்தான் முடிவு செய்ய வேண்டும். "குணமாகும் வரை நானே வச்சுக்கிறேன்" என்று நல்ல எண்ணத்தில் வீட்டுக்குக் கொண்டுபோவதும் சட்டச் சிக்கலில்தான் முடியும்.

ஏற்கெனவே இந்தியப் பச்சோந்தி ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, அதன் கண்ணும் மூடிக் கிடந்தால், செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்றே வனத்துறையைத் தொடர்புகொள்ளுங்கள். அதற்கு முறையான சிகிச்சை கிடைக்க இருக்கும் ஒரே வழியும் அதுதான்.