ஏரியடியில் ஓடும் வெள்ளம்

ஏரியின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினும் அதன் அடித்தளம் எப்பொழுதும் அமைதியாக இருப்பதில்லை. மணலும் சேறும் கலந்த நீர் தன் எடையினாலேயே சரிவில் இறங்கி, ஆழத்தை நோக்கி விரைவதுண்டு. இதனை ஈர்ப்புப் பாய்ச்சல் எனலாம். அது ஓய்ந்த இடத்தில் மணலும் வண்டலும் படிவுகளாகத் தங்குகின்றன.

சுவிட்சர்லாந்து நாட்டில் ரோன் ஆறு ஜெனீவா ஏரியிற் கலக்கிறது. பனிமலைகளிலிருந்து வரும் அவ்வாற்று நீர் குளிர்ந்தது, வண்டல் நிறைந்தது. ஆதலின், அது ஏரி நீரினும் கனமாகி, அடியில் மூழ்கி ஓடுகிறது. ஏரித்தரையில் காணப்படும் நெடிய பள்ளம் இவ்வோட்டத்தால் அமைந்ததென ஃபோரெல் என்னும் அறிஞர் 1885-ஆம் ஆண்டில் விளக்கினார். கடல்நீர் உப்பினால் கனத்திருத்தலின், ஆற்று வெள்ளம் அதனுள் எளிதில் மூழ்காது. ஏரியின் நன்னீரிலோ எளிதில் மூழ்கும்.

இப்படிவுகளின் அளவையும் அமைப்பையும் உறுதி செய்வன எவை? முதலாவது, சரிவு. நிலம் தாழ்ந்து சரிவு மிகுந்தால் பாய்ச்சல் விரைவுறும். இரண்டாவது, ஆறு கொணரும் பொருள். மழை மிகுந்தால் மணலும் மிகும்; கழிமுகத்தில் அது குவிந்து நிலையற்றதாகும். மூன்றாவது, தூண்டுதல். நிலநடுக்கமோ, பெருவெள்ளமோ, மலைச்சரிவோ அக்குவியலைக் குலைத்துவிடும்.

கி.பி. 563-ஆம் ஆண்டில் ரோன் பள்ளத்தாக்கில் ஒரு மலை சரிந்தது. ஏரியில் பேரலை எழுந்தது, ஜெனீவா நகரின் பாலமும் ஆலைகளும் அழிந்தன, மக்கள் மாண்டனர். சமயப் பெரியோர் ஒருவர் இதனை எழுதி வைத்தார். ஏரித்தரையை ஆராய்ந்தோர், அக்காலத்துப் படிவு ஒன்றைக் கண்டு 2012-இல் வெளியிட்டனர். அதன் நீளம் 10 கிலோமீட்டருக்கு மேல். சராசரித் தடிப்பு 5 மீட்டர். மலைச்சரிவின் அதிர்ச்சியால் கழிமுகக் குவியல் குலைந்ததே பேரலைக்குக் காரணமாகலாம் என அவர்கள் கருதினர்.

எழுத்துச் சான்று இல்லாத பழங்காலத்திற்குப் பாறையே சான்று. பாய்ச்சல் தளரும்போது பருமணல் முதலில் படியும். நுண்மணல் அதன்மேல் படியும். சேறு இறுதியில் அமரும். இவ்வொழுங்கு பாறையில் காணப்படின், அங்கே ஒரு பாய்ச்சல் நிகழ்ந்தது என்று அறியலாம். சீன நாட்டின் ஆர்டாஸ் பகுதியில் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரேரி இருந்தது. அதன் ஆழத்தில் கரிய சேற்றுப் பாறையும், பாய்ச்சல் கொணர்ந்த மணற்பாறையும், எரிமலைச் சாம்பலும் அடுக்கடுக்காய் உள்ளன. கரிய பாறையிற் பிறந்த எண்ணெய் மணற்பாறையிற் புகுந்து தங்கியது. இன்று அதனைத் துளையிட்டு எடுக்கின்றனர்.

ஏரியடிப் படிவுகளை ஆராய்வோர் நிலத்தடிச் செல்வத்தைக் காண்கின்றனர். கரையில் வாழும் மக்களுக்கு நேரக்கூடிய இடரையும் முன்னரே உணர்கின்றனர்.