காலி டின்தானே என்று இருந்துவிடாதீர்கள்



புல்லுக்கு அடிப்பதை நாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது மருந்தல்ல, விஷம். வேலைக்காட்டில் கையுறை, பூட்ஸ் போட்டுத்தான் அதைத் தொடுகிறோம். ஆனால் மிச்சம் இருந்தால், கொல்லைப் புல்லுக்கு ஆகுமென்று சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைத்துவிடுகிறோம். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தலைத் தெரியும். உள்ளே இருப்பது தெரியுமா?

பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம். நுரையீரலைக் கெடுத்துவிடும், முறிவு மருந்தும் கிடையாது. தடை வந்ததால் பழைய போத்தலில் உள்ள விஷம் செத்துப்போகாது.

மிச்சத்தை என்ன செய்வது? கால்வாயிலோ கக்கூசிலோ ஊற்றாதீர்கள். கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகிறது. அங்கேதான் மீன் பிடிக்கிறோம், மாடும் குடிக்கிறது. எரிக்காதீர்கள், புகையும் விஷம். புதைக்காதீர்கள். மூடியை இறுக்கி, லேபிளோடு தோட்ட ஸ்டோரில் ஒப்படையுங்கள். தோட்டத்து மருந்தை முறைப்படி அகற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. வாங்க மறுத்தால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

காலி டின்னிலும் விஷம் ஒட்டியிருக்கும். மருந்து கலக்கும் இடத்திலேயே கால் டின் தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். அந்தத் தண்ணீரை மருந்துப் பம்பிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. பிறகு டின்னில் ஓட்டை போட்டு ஸ்டோரில் கொடுங்கள். ஓட்டை டின்னைத் தண்ணீர் பிடிக்க யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

யாராவது குடித்துவிட்டால் விரலை விட்டோ, உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999-க்குப் போன் பண்ணுங்கள். உடம்பில் பட்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிஷம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் லேபிளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று காத்திருக்க வேண்டாம். சில விஷம் நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

இன்றைக்கே குசினி மூலையையும் கொல்லைக் கொட்டகையையும் பாருங்கள். பேர் தெரியாத போத்தல் கிடந்தால் முகர்ந்தோ ருசித்தோ பார்க்க வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டும் முன்னே அது ஸ்டோருக்குப் போய்ச் சேரட்டும்.